கும்பிடு போடும் பாப்பா: கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தால் பெற்றவர்கள் என்ன செய்யலாம்

எங்கள் பாப்பாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். காலையில் தூங்கி எழுந்ததும் தலை லேசாக முன்னால் சாயும், இரண்டு கையும் விரிந்து உள்ளே வரும், முகம் ஒரு மாதிரி சுளிக்கும். ஒரு நொடிதான். அப்புறம் சும்மா இருப்பாள். சில நொடி கழித்து மறுபடியும் அதே. பத்துப் பன்னிரண்டு முறை இப்படி நடந்து, கடைசியில் வீறிட்டு அழுவாள். "கும்பிடு போடுறா பாரு" என்று நாங்கள் சிரித்தோம். மாமியார் வயிற்றுவலி என்றார். ஓமத் தண்ணீர் கொடுத்தோம். பக்கத்துத் தெருப் பாட்டி உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டிக் கொடுத்தார். முதலில் காட்டிய டாக்டர் வாயுவுக்குச் சொட்டு மருந்து எழுதினார். பதினெட்டு நாள் அப்படியே போய்விட்டது. ஊரிலிருந்து வந்த என் தம்பி விளையாட்டாக அதைப் போனில் வீடியோ எடுத்தான். அந்த வீடியோவைக் குழந்தை நரம்பியல் டாக்டர் கடைசி வரைக்கும்கூடப் பார்க்கவில்லை. பாதியிலேயே நிறுத்தி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. பரிசோதனையை அன்றைக்கே எடுக்கச் சொன்னார்.

அதன் பெயர் இன்ஃபன்டைல் ஸ்பாஸம். பெரும்பாலும் பிறந்த மூன்றாவது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் நடுவில் தொடங்குகிற வலிப்பு. கை கால் வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போதுதான் இந்த வழியில் காலடி வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்காக, எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். மருந்தை முடிவு செய்வது டாக்டர் வேலை. அதைச் சுற்றி நாம் செய்யவேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரமா என்று தோன்றும். ஆனால் பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வியும் "எவ்வளவு நேரம்?" என்பதுதான்.

அப்புறம் குழந்தையைப் பாயிலோ கட்டில் நடுவிலோ இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும், மூச்சுக்குழலுக்குள் போகாது. கழுத்தில், இடுப்பில் இறுக்கமாக எது இருந்தாலும் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்கவேண்டாம். பிடித்தால் வலிப்பு நிற்காது, அடிதான் படும். வாயில் விரல், கரண்டி, துணி எதுவும் வைக்கக்கூடாது. தண்ணீர், பால், மருந்து எதையும் ஊற்றக்கூடாது. முழுசாக விழித்து, நம் முகத்தைப் பார்த்த பிறகுதான் பால்.

கையில் இரும்புச் சாவி கொடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் அதைச் செய்யாத தெரு இல்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் சாவியைக் கொடுத்தால் சாவிக்குப் பேர் கிடைக்கிறது. சாவியால் கெடுதல் குறைவு, அதைத் தேடி ஓடுகிற நிமிடம்தான் வீண். வெங்காயம், செருப்பு முகரக் கொடுப்பதும் அப்படியே. ஆனால் சூடு போடுவது வேறு விஷயம். அது தீக்காயம், அவ்வளவுதான். யார் சொன்னாலும் சூடு போட விடாதீர்கள்.

ஐந்து நிமிடம் தாண்டினால், நின்று நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், மூச்சு சரியில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு வயதுக்குள் முதல் முறையாக வலிப்பு வந்தால் அது நின்றுபோனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக்கூடாது. சர்க்கரையோ கால்சியமோ குறைந்ததால் வருகிற வலிப்பும் உண்டு, அதை உடனே கண்டுபிடித்தால் உடனே சரிசெய்யலாம். காய்ச்சலோடு உச்சிக்குழி உப்பியிருந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும் அதே அவசரம்தான்.

எல்லாத் துடிப்பும் வலிப்பு இல்லை

கதவு சாத்தும் சத்தத்துக்குக் கை விரித்துத் திடுக்கிடுவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. தூக்கத்தில் மட்டும் கை கால் வெட்டி, எழுப்பினால் நின்றுவிடுவதும் பெரும்பாலும் பயமில்லாததுதான். நடுங்கும் காலை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள்: வெறும் நடுக்கம் நின்றுவிடும், வலிப்பு உங்கள் கைக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும். ஸ்பாஸத்தின் அடையாளம் வேறு. சத்தம் எதுவும் இல்லாமலே வரும், ஒன்றன்பின் ஒன்றாகக் கொத்தாக வரும், முக்கியமாகத் தூங்கி எழுந்த நேரத்தில் வரும். கூடவே, முன்பு சிரித்த குழந்தை சிரிக்காமல் போகும், முகம் பார்ப்பது குறையும். எங்கள் பாப்பா என் முகத்தைத் தாண்டி மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில் காய்ச்சலோடு வருவதைத்தான் ஜன்னி என்கிறார்கள். அது வேறு வகை. பார்க்க ரொம்பப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூளையில் எந்தப் பாதிப்பும் வைக்காமல் போய்விடும். மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு முறை வரலாம் என்பதால் முதலுதவி மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

வீடியோவும் நோட்டும்

டாக்டர் அறையில் குழந்தை நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். நாம் வாயால் சொல்லி விளங்கவைக்கிறோம், கையை ஆட்டிக் காட்டுகிறோம், அங்கேதான் தவறிப்போகிறது. எனவே போனை எடுங்கள். முகம், இரண்டு கை, இரண்டு கால் எல்லாம் தெரிய வேண்டும். போர்வையை விலக்குங்கள், விளக்கைப் போடுங்கள். ஒருவர் குழந்தையோடு இருக்க, இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக இருந்தால் குழந்தைதான் முதலில், வீடியோ அப்புறம். நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறாளா என்பதும் பதிவாகும். முடிந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு வையுங்கள். பின்னால் பாட்டி அழுகிற சத்தம் கேட்டால் கேட்கட்டும், டாக்டர்கள் அதையெல்லாம் பார்த்துப் பழகியவர்கள்.

இந்த வலிப்பை மருத்துவ உலகத்துக்கு முதலில் விவரமாக எழுதிக் காட்டியவரும் ஒரு அப்பாதான். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1841-இல் லான்செட் என்ற மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். குழந்தை தலையை முழங்காலை நோக்கிக் குனிந்து குனிந்து நிமிர்வதை அவர் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்: ஒரு தடவை வந்தால் பத்து, இருபது முறைக்கு மேல், எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள், ஒரு நாளைக்கு இப்படி இத்தனை தடவை என்று. அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. அதற்கு சலாம் வலிப்பு என்று பெயரும் வந்தது, நாங்கள் கும்பிடு என்று சொன்னது போலவே. இன்றைக்கும் ஸ்பாஸம், இ.இ.ஜி. மாற்றம், வளர்ச்சித் தடை மூன்றும் சேர்ந்தால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். வீடியோ இல்லாத காலத்தில் ஒரு அப்பாவின் எண்ணிக்கை அவ்வளவு வேலை செய்திருக்கிறது.

நோட்டுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஸ்பாஸம் என்றால் ஒரு கொத்தில் எத்தனை, தூங்கி எழுந்த உடனேயா, காய்ச்சல் இருந்ததா, மருந்து எத்தனை மணிக்குப் போனது, வாந்தி எடுத்தாளா. நான் எண்ணுவதற்குப் புள்ளி வைப்பேன். என் கணவர் சீட்டாட்டக் கணக்கு மாதிரி நான்கு கோடு போட்டு ஒரு குறுக்குக் கோடு இழுப்பார். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒன்றாகக் கலந்துவிடும். நோட்டு இன்னொரு உதவியும் செய்யும்: "குறையவே இல்லை" என்று நாம் உடைந்துபோயிருக்கும் நாளில், போன வாரம் 60 இருந்தது இந்த வாரம் 22 என்று அது காட்டும். ஸ்பாஸத்தைப் பொறுத்தவரை டாக்டரின் இலக்கு குறைப்பது இல்லை, முழுசாக நிறுத்துவது. அதனால் 22 வந்தாலும் அதை அப்படியே சொல்லுங்கள், மகிழ்ச்சியில் பூசி மெழுகவேண்டாம்.

இ.இ.ஜி., ஸ்கேன்

இ.இ.ஜி.யில் குழந்தைக்குள் மின்சாரம் எதுவும் போவதில்லை, மூளையிலிருந்து வருவதைத்தான் பதிவு செய்கிறார்கள். வலிக்காது. முந்தின நாள் தலைக்குக் குளிக்க வையுங்கள், எண்ணெய் தடவவேண்டாம். தூக்கத்திலும் பதிவு வேண்டும் என்பதால் அன்று குழந்தையைச் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கொண்டுபோகவேண்டும். ஆட்டோவில் தூங்கவிடாமல் வைத்திருப்பதுதான் அன்றைய பெரிய பரிசோதனை. பாட்டு, கிலுகிலுப்பை, முகத்தில் ஈரத்துணி எல்லாம் செய்தோம். ஒயர்களை ஒட்டியதும் பால் கொடுத்தால் பெரும்பாலும் தூங்கிவிடும். தலையில் ஒட்டிய பசை வெந்நீரில் போய்விடும்.

எம்.ஆர்.ஐ.க்கு மயக்கம் கொடுப்பார்கள். பால் எத்தனை மணிக்கு நிறுத்தவேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். பசியில் அழுகிறாள் என்று இரக்கப்பட்டு யாராவது கொடுத்துவிட்டால் ஸ்கேன் தள்ளிப்போகும். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில், தேதி வரிசையில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் போட்டோ எடுத்து இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

மருந்து

வலிப்பு மருந்து நேரத்துக்குப் போகவேண்டும். சாப்பாடு முன்னே பின்னே ஆகலாம், இது ஆகக்கூடாது. போனில் அலாரம் வையுங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று நாமாக நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பி வரலாம். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன்னால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பத்து நாளுக்காவது கையிருப்பு வேண்டும். விகபேட்ரின் போன்ற சில மருந்துகள் எல்லாக் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வாங்கவேண்டும். பயணத்தில் மருந்து மடியிலிருக்கும் பையில் வரட்டும், பஸ் மேலே கட்டிய மூட்டையில் வேண்டாம்.

அளவை மில்லி கணக்கில் மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே மருந்து கம்பெனிக்குக் கம்பெனி, பாட்டிலுக்குப் பாட்டில் வேறு வேறு திறனில் வரும். சாதாரணப் பாராசிட்டமாலையே பாருங்கள்: சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் அதற்கு மிகக் குறைவாக இருக்கும். சிரப் அளவில் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டால் ஆபத்து. ஆகவே மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், இந்தப் பாட்டிலில் அது எத்தனை மில்லி என்று மூன்றையும் எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள். பாலாடையில் அளந்து ஊற்றாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் இழுத்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். குடித்ததும் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். இரவு பதினோரு மணிக்கு அந்தக் கேள்வி வரும்போது அவர் கிடைக்கமாட்டார்.

ஸ்பாஸத்துக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, அதிக அளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அல்லது விகபேட்ரின் கொடுப்பார்கள். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயால் வரும் ஸ்பாஸத்துக்கு விகபேட்ரின் நன்றாக வேலை செய்கிறது. அதே மருந்து ஓரப்பார்வையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். எங்களுக்கு பிரெட்னிசலோன். அந்த வாரங்களைப் பற்றி யாரும் முன்னால் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். குழந்தை காரணமில்லாமல் அழும். பசி அடங்காது. கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிடும், பார்ப்பவர்கள் "நல்லா தேறிட்டாளே" என்பார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவேண்டும். நோய்த்தடுப்பு குறைந்திருக்கும், அதனால் சளி இருமலோடு யாரும் தூக்கக்கூடாது, லேசான காய்ச்சல் என்றாலும் டாக்டருக்குப் போன் செய்யவேண்டும். தட்டம்மை-ரூபெல்லா போன்ற சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். எதை, எவ்வளவு நாள் என்று தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள். எல்லாத் தடுப்பூசியையும் நாமாக நிறுத்திவிடக்கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

நீண்ட வலிப்பை நிறுத்த மிடாசோலம் மூக்கு ஸ்பிரே எழுதித் தருவார்கள். எத்தனையாவது நிமிடத்தில், எந்த மூக்கில் எத்தனை முறை என்பதைச் சீட்டில் வாங்கி ஸ்பிரேயோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். ஸ்பாஸம் கொத்தாக வரும்போது அது வேண்டுமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். அடித்த பிறகு மூச்சைக் கவனிக்கவேண்டும். எடை கூடக்கூட அளவும் மாறும்.

சூடம் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. கைக்குழந்தைக்கு, அதுவும் வலிப்பு உள்ள குழந்தைக்கு, இரண்டும் வேண்டாம். பூஜை அறைச் சூடத்தைக் குழந்தை தவழத் தொடங்குவதற்கு முன்னால் மேல் தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

வீட்டை மாற்றியமைத்தல்

சேலைத் தொட்டிலை முதலில் கழற்றினோம். அதில் குழந்தை சுகமாகத்தான் தூங்கும், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தரையில் மெத்தை, மல்லாக்கப் படுக்கை, தலையணை இல்லை, சின்னதாக ஒரு இரவு விளக்கு. குளிப்பாட்டும்போது கூட ஒருவர். தண்ணீரில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது.

அப்புறம் இரவு. முதல் பத்து நாள் நானும் அவரும் இருவருமே விழித்திருந்தோம். பத்தாவது நாள் நான் மருந்தை இரண்டு முறை கொடுக்கப்போனேன். மாமியார் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றே முறை வைத்துவிட்டோம்: இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை அவர், இரண்டுக்கு மேல் நான். முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவேண்டும். பால் கொடுக்க மட்டும் என்னை எழுப்புவார். தூங்குவது சுயநலம் மாதிரி இருந்தது முதலில். ஆனால் தூங்காதவர் எண்ணும் கணக்கும் அளக்கும் மருந்தும் நம்பத்தக்கதில்லை. தனியாகக் குழந்தையைப் பார்ப்பவர்கள் வாரத்தில் இரண்டு இரவுக்காவது அம்மா, அக்கா, நாத்தனார் யாரையாவது கூப்பிடுங்கள். வெட்கப்படவேண்டாம்.

மருந்து கொடுத்தவர் உடனே நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது மாமியார் போட்ட சட்டம். ரேஷன் கடை மாதிரி இருந்தாலும் அதற்குப் பிறகு ஒரு தவறும் நடக்கவில்லை.

கேள்வி கேட்பவர்கள்

"உங்க வம்சத்துல யாருக்காவது இருந்துச்சா?" இந்தக் கேள்வி எப்போதும் அம்மாவைப் பார்த்துத்தான் வரும். பிறக்கும்போது பிராணவாயு குறைந்தது, சர்க்கரை இறங்கியது, தொற்று, மூளை உருவானதில் வேறுபாடு, மரபணுவில் புதிதாக வந்த மாற்றம் என்று காரணங்கள் பல. கர்ப்பத்தில் நீங்கள் பப்பாளி சாப்பிட்டதோ, கிரகணத்தன்று வெளியே வந்ததோ அந்தப் பட்டியலில் இல்லை. சொந்தத்தில் கல்யாணம் முடித்திருந்தால் அதை டாக்டரிடம் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அது குற்றம் சுமத்த இல்லை, எந்தப் பரிசோதனை செய்வது என்று முடிவெடுக்க உதவும்.

உறவுகளுக்குச் செய்தி சொல்ல வீட்டில் ஒருவர் போதும். எங்களுக்கு என் தம்பி. "இன்னிக்கு நல்லா இருக்கா, போன் பண்ணவேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை போட்டுவிடுவான். மந்திரித்துக் கயிறு கட்டவேண்டும் என்ற பெரியவர்களோடு நான் சண்டை போடவில்லை. மருந்து நேரம் தவறக்கூடாது, வாய்க்குள் எதுவும் போகக்கூடாது, முகத்தில் புகை கூடாது, கயிறு கழுத்தில் கூடாது என்று நான்கு நிபந்தனை வைத்தேன். இடுப்பில் கட்டினார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

உங்கள் மனதைப் பற்றியும் கொஞ்சம். பயம் எல்லோருக்கும் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், நான் இல்லாவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்தால் அது பிள்ளை பெற்றவளுக்கு வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கிற மருந்தும் உண்டு. அந்தக் கடைசி எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரிடம் போங்கள். அப்பாக்களுக்கும் இது வரும், அவர்கள் அதைக் கோபமாகக் காட்டுவார்கள்.

வலிப்பு நின்ற பிறகு

வலிப்பு அடங்கியதும் வளர்ச்சியைக் கவனிக்கவேண்டும். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, பேர் சொன்னால் திரும்புவது. தாமதம் தெரிந்தால் காத்திருக்காமல் பயிற்சி தொடங்குங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் நடக்கின்றன. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம். அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள். மருத்துவச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும் என்று ஆஸ்பத்திரியிலேயே அதற்கான மேசையில் விசாரியுங்கள்.

எங்கள் பாப்பா பத்தொன்பதாவது மாதத்தில் நடந்தாள். பேச்சு இன்னும் நான்கைந்து வார்த்தைதான், வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகிறோம். கடைசி ஸ்பாஸம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நோட்டை மூடவில்லை. மூக்கு ஸ்பிரேயின் காலாவதித் தேதியைப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் மாத மளிகைப் பட்டியலில் உளுத்தம்பருப்புக்குக் கீழே எழுதியிருக்கிறது.